வரிசையை மாற்றி எழுது

படுவான்கரை
12.03.1993

அன்புள்ள மகன் தவநேசனுக்கு,

அந்தக் குளிரில் உனக்குக் காய்ச்சல், இருமல் ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கச்சி மலரும் இருக்கிறோம். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தானே தெரியும், நான் சொல்லச் சொல்ல மலர் எழுதுகிறாள். அவள் பட்டச் சோதனை பாஸாகிவிட்டாள், அதைத் தானே எழுத வெட்கமாம், நான் அதட்டித்தான் எழுத வைத்தேன். வெள்ளாண்மை இந்த முறையும் சரியில்லை. வெட்டுகிற நேரம் பார்த்து வயல் வட்டைக்குள் ஷெல் விழுந்து கந்தையரின் மாடு இரண்டும் வயிறு கிழிந்து கிடந்தன, அதற்குப் பிறகு ஒருவரும் அரிவாளோடு அந்தப் பக்கம் போகவில்லை.

நீ அங்கே சட்டச் சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. ஏறாவூர் பக்கீர் காக்கா கொழும்பிலிருந்து விற்கக் கொண்டுவரும் சாரன் கட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். ஆமிச் சென்றியில் கட்டுக்குள் கம்பியால் குத்திப் பார்த்திருக்கிறார்கள், கடதாசி அகப்படவில்லை, ஆனாலும் அந்தக் கோபத்துக்குத் துவக்குப் பிடியால் அவருடைய வாயில் அடித்துவிட்டார்கள். வாயில் துணியை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்று, தங்கச்சி, உங்கட மகன்ட கடதாசிக்கு என்ட பல்லு ரெண்டு போயிட்டு, லண்டன்ல நல்ல பல்லு விக்கிறானுகளாம், ரெண்டு அனுப்பச் சொல்லுங்க என்று சிரிக்கிறார், சிரிக்கச் சிரிக்க இரத்தம் வடிகிறது. அந்த மனிதருக்கு நீ இரண்டு வரி எழுது.

மூன்று பின்னேரம் இருந்து மலர் எனக்கு அதை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். சட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும். மரண விசாரணை இல்லாமல் சடலத்தை எரிக்கலாம் என்று அவசரகாலச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, அந்த விதிதான் எங்கள் ஊரின் ஒன்பது பேரையும் டயர் போட்டு எரிக்க வழி விட்டது என்று எழுதியிருக்கிறாய், அது சரி. இரண்டு பக்கமும் சுட்டபோது இடையில் ஓடிச் செத்தவர்கள் என்று ஆமி சொன்னதையும் எழுதியிருக்கிறாய். அது பொய் என்று காட்ட உன்னிடம் என்ன இருக்கிறது மகன்? கண்டதாக ஒரு கிராமவாசி சொல்கிறார் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் ஒன்பது பேருடைய பட்டியல், அதுவும் இங்கிலீசு எழுத்து வரிசையில். அப்படித்தான் போட வேண்டும், அதுதான் முறை என்று மலர் சொல்கிறாள். அதில் அழகிப்போடி என்று உன் அப்பா முதலாவதாக நிற்கிறார். நானும் உங்கள் இருவருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்தேன், அப்பாவைத்தான் முதலில் சுட்டார்கள், ஒன்றையும் பார்க்காமல் போய்விட்டார் என்று. அது பொய்.

இந்த இடத்தில் மலர் பேனாவை வைத்துவிட்டாள். எழுதுகா மகள் என்று நான் சொல்லி, அவள் முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு மேலே சொல்கிறேன்.

அன்று நான் வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒளிந்து நின்றேன், அவர்களுக்கும் எனக்கும் எங்கள் வளவு அகலம்கூட இல்லை. வரம்பில் ஒன்பது பேரையும் கையைப் பின்னால் கட்டி முழந்தாளில் இருத்தினார்கள். சுட்டவன் ஒருவன்தான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வடக்கு முனையில் வினாயகமூர்த்தி, அடுத்தது கந்தையரின் மருமகன், மூன்றாவது என் தம்பி தங்கராசா, நாலாவது உன் அப்பா. முதல் இரண்டு பேரும் விழுந்து, துவக்கு உன் மாமாவின் பிடரிக்கு வந்தபோது அப்பா சத்தம் போட்டார், டேய் அவன உடுடா, அவனுக்குச் சின்னப் புள்ளைகள்டா, என்னச் சுடுடா என்று. பாஷை விளங்கியதோ இல்லையோ, நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக் காட்டியது விளங்கியது. அவன் சிரித்தான். உன் மாமாவைச் சுட்டான். பிறகு அப்பாவின் தோளில் தட்டிவிட்டு அவரைக் கடந்து போய் ஐந்தாவது ஆளைச் சுட்டான். ஆறு, ஏழு. அதில் நின்று துவக்குக்குச் சன்னம் மாற்றினான். எட்டாவது இடத்தில் இருந்த நல்லரத்தினம் தண்ணீர் கேட்டார், கேட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். ஒன்பதாவதைச் சுட்டு முடித்து, சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்துதான் உன் அப்பாவைச் சுட்டான். அவ்வளவு நேரமும் அவர் தங்கராசாவின் மேல் சரிந்து அழுதுகொண்டிருந்தார். எட்டுப் பேரையும் பார்த்துவிட்டுத்தான் செத்தார்.

இதை மூன்று வருடம் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், நீங்களாவது நித்திரை கொள்ளட்டும் என்று. ஆனால் ஓடுகிறவர்களில் ஒருவனை விட்டு மற்றவனைத் தெரிந்தெடுத்து யாராலும் சுட முடியுமா? உன் சட்டம் படித்தவர்களுக்கு அது ஒன்றே போதாதா? ஆகையால் பட்டியலை நான் சொன்ன வரிசையில் மாற்றி எழுது. ஒன்பது பேரையும் வரிசையாகத் தனித் தாளில் மலர் எழுதி இதற்குள் வைத்திருக்கிறாள். கிராமவாசி என்பதை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு. பெயரில்லாத ஆளுக்கு வரிசை எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டார்களா? மலர் விடவில்லை, அம்மா, பேரப் போட்டா வந்து உங்கள இழுத்துக்கொண்டு போவானுகள், ஓம் எண்டு சொல்லாதீங்க என்று காலைப் பிடிக்கிறாள். அவளை வந்தாறுமூலைக் கம்பஸில் கூடப் படித்த பிள்ளையொன்றின் வீட்டுக்கு அனுப்பப் போகிறேன், அது பேசி முடிந்துவிட்டது. என்னைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

யார் எழுதியது என்று தெரியாமல் படித்துப் பார்ப்பதற்காகக் கட்டுரையில் உன் பெயரை எடுத்துவிட்டு அனுப்பச் சஞ்சிகைக்காரர்கள் சொல்கிறார்களாம். உன்னுடையதை எடு, என்னுடையதை எடுக்காதே. பிரதி மூன்றும் சித்திரை முடிய முன் போய்ச் சேர வேண்டும் என்று உன் கடிதத்தில் இருக்கிறது, பதிவுத் தபாலில் போடு. இரவு சாப்பிடாமல் தட்டச்சு அடிக்காதே. அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தைத் திருத்தும்போது தனியாக இராதே, கூடப் படிக்கிற யாரையாவது பக்கத்தில் இருத்திக்கொள். கண்ணகை அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

கீழே இருப்பது நான் என் கையால் போட்ட கையெழுத்து, உன் அடிக்குறிப்புக்கும் இதுவே போதும்.

அழகிப்போடி சீதேவிப்பிள்ளை
(நேரில் கண்டவள்)