நீங்கள் பி கிரேட் கொடுத்த கப்பல்

நேற்று மத்தியானத்திலிருந்து வீடு முழுக்கப் புது ரப்பர் வாசம். நடு ஹோலில் நீல நிறத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. நாலு சக்கரம், நம்பர் பூட்டு, உள்ளே பட்டுத் துணி மாதிரி ஒரு உறை. நம் மகன் சுதன் லண்டனில் இருந்தபடியே கொழும்புக் கடையொன்றில் வாங்கி, மாத்தளைக்கு வேனில் அனுப்பி வைத்திருக்கிறான். எதற்கென்று கேட்கிறீர்களா? உங்கள் முதலாம் வருஷத் திதி முடிந்த மறு வாரம் நான் கப்பலில் போகவேண்டுமாம். டிக்கெட் போட்டாகிவிட்டது. அதே கம்பெனிக் கப்பல்தான். நீங்கள் பி கிரேட் கொடுத்தீர்களே, அந்தக் கம்பெனி.

போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் உங்கள் கிரேடிங் என்னை விட்டபாடில்லை.

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையிலிருந்து பென்ஷன் எடுத்தவர், வேலையையும் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். நீங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பலாபத்வலயில் பஸ் நிற்கும் சாப்பாட்டுக் கடை முதல் பல்லேகம சந்தித் தேத்தண்ணிக் கடை வரை நீங்கள் ஏ, பி, சி என்று தரம் போட்டு வாசலில் ஒட்டிய காலம் போய், சொந்தக்காரர் கல்யாணங்களில் சட்டி மூடியைத் திறந்து பார்க்கத் தொடங்கினீர்கள். என் தங்கை மகளின் கல்யாணத்தில் சமையற்காரரின் நகத்தைக் காட்டச் சொன்னீர்கள். நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதென்று தெரியாமல் நின்றேன். கேட்டால், "மூடியத் திறந்து பாக்காம ருசி சொல்லக் கூடாது" என்பீர்கள். இந்தப் பேச்சுக்குப் பிறகு உங்களோடு யார் வாதாடுவது?

அப்படிப்பட்ட மனுஷர் இரண்டு கப்பலில் போய்வந்து போட்ட தரம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை கிறுகிறுக்கிறது.

முதல் கப்பல் மகள் மாலினி கூட்டிக்கொண்டு போனது. மெல்பனிலிருந்து அவளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் சிங்கப்பூருக்கு வந்தார்கள், நாம் இங்கிருந்து போனோம். பினாங்கு, புக்கெட் என்று சுற்றிக்காட்டும் மலிவான கப்பல். ஆறு பேருக்கும் அடுத்தடுத்து இரண்டு கேபின். ஜன்னல் கிடையாது. லைட்டை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. கட்டிலிலிருந்து காலை வைத்தால் பேரப்பிள்ளையின் தலையில் மிதிக்கவேண்டும். லிஃப்டுக்கு நின்று நின்று கால் வீங்கி, கடைசியில் படியேறியே போனோம். சாப்பாட்டு மண்டபத்துக்குள் போனால் திருவிழாக் கூட்டம். தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைந்தால், இடம் கிடைக்கும்போது சோறு ஆறிப்போயிருக்கும். யாரோ ஒரு பிள்ளை நூடில்ஸ் கரண்டியை நக்கிவிட்டுத் திரும்பவும் தட்டில் போட்டதை நானே கண்ணால் கண்டேன். நீங்களும் கண்டீர்கள். பக்கத்தில்தான் நின்றீர்கள். பலாபத்வலயில் இப்படி நடந்திருந்தால் அன்றைக்கே கடைக்குப் பூட்டு விழுந்திருக்கும். கப்பலின் மேல் தளத்தில் விடியற்காலையிலிருந்தே பாட்டுப் போட்டி. நீங்கள் அங்கே போய், சின்னப் பேரனோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் கத்தினீர்கள்.

கேபினுக்குள் நுழைந்த அன்றைக்கே, "நம்ம எல்கடுவ காம்பரா மாதிரியே இருக்கு" என்றீர்கள். நீங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்து அறையைத்தான் சொன்னீர்கள். அந்த ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுத்த கதையை மாலினியின் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்ல, அதுகளும் வாயைப் பிளந்து கேட்டன. இறங்கும்போது மாலினி, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. ஏ கிரேட் என்றீர்கள்.

சரி, மகள் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் சுதனின் முறை. தங்கச்சி கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அண்ணன் சும்மா இருப்பானா? உலகத்திலேயே முதல் வரிசையில் நிற்கிற கப்பல் கம்பெனியாகப் பார்த்து டிக்கெட் போட்டான். துபாயில் ஏறி, மஸ்கட், தோஹா எல்லாம் தொட்டுத் திரும்புகிற பயணம். பல்கனி வைத்த கேபின், நம் ஹோலை விடப் பெரிசு. நாம் நடந்தால் நம் காலடியே நமக்குக் கேட்காத கம்பளம். மேசையில் உட்காரும் முன்னமே நாற்காலியை இழுத்துவிட ஒரு ஆள், மடியில் துணியை விரிக்க ஒரு ஆள். சாப்பாட்டு அறை வாசலில் கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் விழுகிற தொட்டிகள் வரிசையாக இருந்தன. உங்களைப் போன்ற ஒரு பி.எச்.ஐ. கனவில் காண்கிற கப்பல் அது. ஒரு ஈ கிடையாது. கூட்டம் கிடையாது. சத்தம் போட்டுப் பேசுகிறவர்கூடக் கிடையாது.

அதற்கு நீங்கள் பி கொடுத்தீர்கள்.

துபாயில் இறங்கிப் பெட்டி வருவதற்குக் காத்துக்கொண்டு நிற்கும்போதே சுதன் போன் எடுத்துவிட்டான். பாவம், ஆசையாகக் கேட்டான். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டீர்கள். சூப் சூடு போதாது. கம்பளம் தடிப்பு, தூசி பிடிக்கும். துவாயை நாளுக்கு இரண்டு தரம் மாற்றுகிறார்கள், தண்ணீர் வீண். லிஃப்டில் மாடி நம்பரைச் சொல்லும் குரல் காதில் விழவில்லை. கடைசியாக, கேட்காத படுக்கையையெல்லாம் விரித்து வைக்கிறார்கள், இடைஞ்சல். நான் பக்கத்தில் நின்று உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் தட்டிவிட்டீர்கள்.

"படுக்கை கூடிப்போச்சுன்னு பி போடுற ஒரே ஆள் நீங்கதாம்பா" என்று சுதன் சிரித்தான். அந்தச் சிரிப்பு சிரிப்பில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கணக்கு மிஸ்ஸாகப் பிள்ளைகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவள் நான். ஒரு பிள்ளை மார்க்ஸைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறதா, சிரிப்பது மாதிரி நிற்கிறதா என்று எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு அவன் உங்களோடு பேசியதெல்லாம் மருந்தும் மழையும்தான். வாராவாரம் எடுத்த போன் மாதத்துக்கு ஒன்றானது. நான் எத்தனையோ தரம் சொன்னேன், ஒரு ஏ என்று சொல்லிவிட்டால் உங்கள் வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும் என்று. "உள்ளதத்தான் சொல்லணும்" என்றீர்கள். உள்ளதையாம்!

உங்கள் எட்டாம் நாள் சடங்கு முடிவதற்குள் நம் வீட்டு முன்வாசலில் நடந்ததையும் கேளுங்கள். பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்று சண்டை பிடித்தார்கள். சுதன் போனை எடுத்து, அவன் கம்பெனிக்கு ஆட்கள் போட்ட நட்சத்திரங்களைக் காட்டினான். மாலினி, அப்பா எங்கள் கப்பலில் பாடினார், உன் கப்பலில் வாயைத் திறந்தாரா என்று கேட்டாள். அனுதாபத்துக்கு வந்த சனம் தேத்தண்ணிக் கோப்பையோடு அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் சுதன் எழும்பி, "அப்பா சாகுற வரைக்கும் எனக்கு பி தானே குடுத்தார்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனான். வளர்ந்த ஆண் பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கியவன், அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில், சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைத் திருப்பி வைக்கலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி சொல்கிற ஆள் நான்.

அந்தக் கப்பலில் உண்மையில் என்ன குறை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நம் இரண்டு பேரைத் தவிர அந்தோணிக்குப் பாதி தெரியும்.

அந்தோணியை மறந்திருக்க மாட்டீர்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், நடுவயது, நம் கேபினைச் சுத்தம் செய்கிறவர். நாம் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, "பிள்ளைங்க யாரும் கூட வரலையா சார்?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டார். நீங்கள் கண்ணைச் சிமிட்டாமல், "மகன் வாறான். மஸ்கட்ல ஏறுவான்" என்றீர்கள். நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு ஏனென்று கேட்டால், "சும்மா சொன்னேன், விடு" என்று பல்கனிக்குப் போய்விட்டீர்கள்.

மஸ்கட் வந்தது. ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால், சோபா கட்டிலாக மாறியிருக்கிறது. வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, மடித்த துவாய், கீழே ஒரு சோடிச் செருப்பு. அந்தோணி உங்கள் வார்த்தையை நம்பிவிட்டார். அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நீங்கள் சொன்னது, தோஹாவில் ஏறுவான் என்று. தோஹாவிலும் அதே விரிப்பு, அதே செருப்பு. பொய் சொல்லத் தெரியாத மனுஷர், கடைக்காரர்களின் பொய்யைப் பிடித்தே சம்பளம் வாங்கியவர், ஒரு துறைமுகத்துக்கு ஒரு பொய்யாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் படுக்காத படுக்கை எதற்கென்று நான் அந்தப் படுக்கையை மடிக்கப் போனேன்.

"மடிக்காத. கெடக்கட்டும்" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அந்த விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, சுருக்கம் விழாமல் தடவி விட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முந்திக்கொண்டது. ஏனென்றால் டிக்கெட் போடுவதற்கு முன் சுதன் உங்களிடம் கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள், நானும் கேட்டேன். "நானும் வரட்டுமாப்பா?" என்றான். நீங்கள் அவனைப் பேசி முடிக்க விடவில்லை. வேணாம் வேணாம், நீ வேலையப் பாரு, எங்களுக்கு என்ன கொறை என்றீர்கள். அவன் படித்த பிள்ளை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை. வேலையைப் பார்த்தான்.

வரச்சொல்ல வாய் வராது. வராவிட்டால் மனசு ஆறாது. பழி மட்டும் சூப்பின் மேல். இதை எந்தச் சட்டத்தில் படித்தீர்கள்?

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சுதன் வீடியோவில் வந்தான். இந்தத் தடவை இன்னும் பெரிய கேபினாம். சூப் சூடாக வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதியிருக்கிறானாம். மாலினி அவள் பங்குக்கு வேறொரு கம்பெனியைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பதும் அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அந்தக் கப்பலில் டொக்டர் எப்படி, இந்தக் கப்பலில் எப்படி என்று ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சொல்கிறான். உங்கள் குரல், உங்கள் விரல் நீட்டல், ஒரு துளி மாற்றமில்லை. திதிக்கு வர லீவு கிடைக்காது, பெரியப்பா மகனை வைத்துச் செய்துவிடுங்கள், நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்றும் இடையில் சொல்லிவிட்டுத் திரும்பவும் கப்பலுக்குப் போனான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தப் படுக்கை யாருக்கென்று சொன்னேன். அந்தோணி கேட்டதிலிருந்து நீங்கள் விரிப்பைத் தடவியது வரை ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்று எங்கிருந்தாவது கையைக் காட்டியிருப்பீர்கள். நான் பார்க்கவில்லை.

அவன், "எனக்காகவா விரிச்சாங்க?" என்றான்.

"ஒனக்குத்தான். ஒவ்வொரு ஊர்லயும் நீ ஏறுவன்னு சொல்லிக்கிட்டே வந்தார்."

"நான் கேட்டேனேம்மா. அவர்தானே வேணாம்னார்."

"வேணாம்னார். வேணும்னு சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரியாதுடா."

முகத்தைக் கமராவிலிருந்து திருப்பிக்கொண்டான். அவனுடைய மேசை லாம்பும் ஒரு காதும்தான் தெரிந்தன. நான் போனை வைக்காமல் இருந்தேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்து, "அப்ப திதிக்கு நான் வரட்டுமாம்மா?" என்றான்.

கேளுங்கள், உங்கள் பேச்சு எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லீவு இல்லையென்றாயே, வேலை கெட்டுப்போகுமே, அவ்வளவு தூரம் எதற்கு அலைச்சல் என்று வரிசையாக வந்தது. இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் செய்ததில் ஒட்டிக்கொண்டது. விழுங்கினேன்.

"வா" என்றேன். "கட்டாயம் வா. தங்கச்சிக்கு நீயே போன் எடுத்து அவளையும் வரச்சொல்லு."

உங்களுக்கு அது முடியாமல் போனதே என்று எனக்கு இப்போதும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய கப்பலைக் குறை சொல்வதற்குப் பதிலாக அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், அவன் ஓடி வந்து அந்தச் சோபாவில் படுத்திருப்பான். நீங்கள் சொல்லாமல் விட்டதை இனி நான்தான் சொல்லித் தீர்க்கவேண்டும். இன்றைக்குக் காலையில் மாலினி போன் எடுத்து, அண்ணன் பேசினான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரவா, உங்களுக்குக் கரைச்சலாக இருக்குமா என்று கேட்டாள். அவள் முடிக்கும் முன்னமே சொன்னேன், வா என்று.