அவளுடைய வசனம்

என் அன்பானவருக்கு,

நடுக்கடலிலும் ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். 'எல்லோரும்' என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு எழுதிவிட்டேன்.

துறைமுகத்தில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் இன்னொரு பயணத்துக்கு ஒப்புக்கொள்ளப்போவதாகப் போனில் சொன்னீர்கள். நான் சரி என்றேன். சரி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உங்கள் பின்னால் என்ஜின் இரைந்துகொண்டே இருக்கிறது. சில விஷயங்களைக் கத்திச் சொல்ல முடியாது.

மாமாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மருந்தை நிறுத்தியதால்தான் குறைந்தது என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அத்தை சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்தார். இப்போது சொட்டுவதில்லை; பீய்ச்சியடிக்கிறது.

நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு மறுபடி போகிறேன். மேற்பார்வை பார்க்கிற அம்மா நல்லவர். "புள்ளைங்க வார்டு துணி உனக்கு வேணாம்மா, வேற பக்கம் மாத்திடறேன்" என்றார். இதுவே இருக்கட்டும் என்றேன். சின்ன விரிப்புகள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது சூடாக இருக்கும். உடம்புச் சூடு. முதல் தடவை கையில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் மடிக்கிறவள், "என்ன ஜெபக்காரி, பெட்ஷீட்டுக்கும் ஜெபமா?" என்று கேலி செய்தாள். ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை. இதில் படுக்கிற பிள்ளை எழுந்து வீட்டுக்குப் போகட்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு ஜெபம் வருவதில்லை.

அடக்கம் முடிந்த வாரமே நீங்கள் கப்பல் ஏறிவிட்டதால் இது உங்களுக்குத் தெரியாது. மாலை ஜெபத்தை நாங்கள் நிறுத்தவில்லை. விளக்குப் போட்டதும் பாய் விரித்து, எப்போதும்போல ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிப் படிக்கிறோம். மாமா, அத்தை, நீங்கள், வாலு, நான். நீங்கள் கடலில் இருந்தால் உங்கள் முறையைத் தாண்டிப்போவோம். அது பழகியது. நம் மகள் வாலுவுடையதைத் தாண்ட முடியவில்லை. அத்தை முடித்ததும் மௌனம். வாலு எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். யாரும் பேசி முடிவு செய்ததில்லை. தானாக நேர்ந்தது. நீளமான வசனம் என்றால் மௌனமும் நீளும். வாயில் நுழையாத பெயர் வந்தால் இன்னும் நீளும். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்வோம். நான் அடுத்த வசனத்தைத் தொடங்குவேன்.

சில நாள் என் இடது கையில், அவள் சாய்ந்துகொள்கிற இடத்தில், பாரம் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

போன வாரம் நம் சபைக்கு வந்திருக்கிற புது உபதேசியார் ஆறுதல் சொல்ல வந்தார். ஜெப நேரம். நாற்காலி எடுத்துப் போடுவதற்குள் பாயில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமா படித்தார். அத்தை படித்தார். அடுத்தது, உபத்திரவம் வரும்போதும் மகிழச் சொல்கிற வசனம். மௌனம் தொடங்கியது. தன் முறைக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று நினைத்து உபதேசியார் புத்தகத்தை எடுத்தார்.

கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார். புத்தகத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, "உ… ப… உபத்… தி…" என்று ஆரம்பித்தார்.

அத்தையின் முதுகு நிமிர்ந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் மாமா சொல்லிவிட்டார்: "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆண்டவரே திரும்பி வந்துடுவார் போலிருக்கே!"

வாலுவிடம் தினமும் சொல்வது. அதே குரல். அதே 'நீ'.

மாமா முகம் வெளுத்துவிட்டது. உபதேசியாரையா, அவளையா, யாரைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. அப்போது ஒரு சத்தம். அத்தை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. மாமாவுக்கும். வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வழிய. "கண்ணாடி மறந்ததுக்கா இவ்வளவு சிரிப்பு?" என்று உபதேசியாரும் சேர்ந்து சிரித்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். அவர் பதறி எழுந்தார். "தெரியாம உக்காந்துட்டேன்மா, மன்னிச்சிடுங்க." அத்தை அவரைக் கையமர்த்தினார். "உக்காருங்க. ஆரம்பிச்சத முடிச்சிட்டு எழுந்திரிங்க."

அவர் முடித்தார். எழுத்து எழுத்தாக. அந்த இடத்திலிருந்து ஒரு வசனம் முழுதாக வெளியே வந்ததைக் கேட்டேன். அடுத்தது என் முறை. நம்பிக்கையைப் பற்றியது. படித்தேன்.

உபத்திரவத்தில் மகிழச் சொல்லி எழுதினவருக்குப் பிள்ளை இருந்ததா என்று முன்பு ஒருமுறை போனில் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. சிறையில் கிடந்திருக்கிறார். கப்பல் உடைந்து கடலில் மிதந்திருக்கிறார். அது எனக்கல்ல, உங்களுக்குத்தான் புரியும். ஆனால் அன்று பாயில் எங்களுக்கு வந்தது வெறும் சிரிப்பு இல்லை. அந்த வசனத்தில் இருக்கிற வார்த்தையைத் தவிர அதற்கு என்னிடம் வேறு வார்த்தை கிடையாது.

மறுநாள் அத்தை தன் வசனத்தை முடித்துவிட்டு நிறுத்தவில்லை. அவளுடையதையும் படித்தார். மெதுவாக. அதன் பிறகு தினமும் அப்படித்தான். மௌனம் போய்விட்டது. அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார். மாமா தோத்திரப் பாட்டுகளை மறுபடி சுருதி தப்பிப் பாடுகிறார். வீடு தேறிவருகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இடது கை லேசாக இருக்கிறது. அந்த மௌனம்தான் இந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம். இனி அவள் எங்கே உட்காருவாள்? ஆண்டவரிடத்தில் இருக்கிறாள். அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே கேட்கிறேன். இதை அத்தையிடம் கேட்க முடியாது. உபதேசியாரிடமும் முடியாது. கேட்க உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

அந்த இன்னொரு பயணத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வந்துவிடுங்கள். ஜெபத்தில் உட்கார வேண்டாம். நீங்கள் வாசலில் நில்லுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஆண்டவரோடு சண்டை போடுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன். அவளைப் பற்றிப் பேச எனக்கு இன்னொரு குரல் வேண்டும்.

காற்றையும் அலையையும் அதட்டி அடக்கினவர் உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் அவரிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. உங்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் அவளுடைய அம்மாவாகவே இருக்கும்
உங்கள் மனைவி