யெஸ் சேர்

திங்கள், ஒக். 9
விடியமுதல் மழை. வெள்ளவத்தை நெட் கஃபேக்குள் ஈரச் செருப்பு நாற்றம். வீட்டில் அண்ணாவின் கொம்பியூட்டர் இன்றும் திறக்கவில்லை. நீலத் திரைதான்.

கொட்டாஞ்சேனைக்குப் போன அண்ணா இன்னும் வீடு வரவில்லை. பொலிசில் முறைப்பாடு எழுதுகிறவர் நான் கொடுத்த படத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடச் சட்டை, மீசை இல்லாத முகம். இப்போதைய படம் வேண்டுமாம். அது அந்தக் கொம்பியூட்டர் பெட்டிக்குள் மட்டும்தான்.

கொம்பியூட்டர் தெரிந்தவர்கள் உதவுகிற ஒரு இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் கேட்டேன். "மதிப்புக்குரிய சேர், மிக அவசரம், படங்களை எடுக்க உதவவும்."

செவ்வாய், ஒக். 10
பதில்கள் நிறைய. விடை ஒன்றுமில்லை.
- தலைப்பில் "அவசரம்" போடாதே. அவசரம் உனக்கு, எங்களுக்கில்லை.
- "சேர்" எதற்கு? இதென்ன பள்ளிக்கூடமா?
- விதிகளை வாசித்துவிட்டு வா.

வாசித்தேன். முழ நீளம். அருவருப்பு.

அம்மா: "என்னவாம் பிள்ளை?"
"நான் கேட்ட முறை பிழையாம்."
"கேக்கிறதுக்கும் முறையோ? நாசமாப் போவார்."

புதன், ஒக். 11
திருத்தி எழுதினேன். அவசரத்தை எடுத்தாயிற்று, சேரை எடுத்தாயிற்று. அண்ணாவைப் பற்றி எழுதினால் அதுவும் விதிக்குப் புறம்பு. அவனையும் எடுத்தேன்.

தளத்தின் பெரிய தலை ஒருவர் வந்தார். "டிஸ்க்கை ஃபோர்மட் செய்து அழித்துவிடவில்லையே?"
அப்பாடா, ஒரு கேள்வியாவது கேட்டாரே. "யெஸ் சேர்" என்று போட்டேன். கைப்பழக்கம், சேர் வந்துவிட்டது.

வியாழன், ஒக். 12
பெரிய தலை: "அப்படியானால் படங்கள் போய்விட்டன. இனி ஒன்றும் செய்ய ஏலாது." என் கேள்விக்குப் பூட்டு. திரும்பக் கேட்டால் தளத்தைவிட்டே நீக்குவார்களாம். தூ.

அம்மாவிடம் சொன்னேன். சாப்பிடாமல் படுத்துவிட்டா.

சனி, ஒக். 14
அக்காவின் புருஷன், அத்தான், பெட்டியைக் கிருலப்பனையில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வந்தார். "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டாச்சு. இனி நீ பாவிக்கலாம்." முகத்தில் பெரிய உபகாரம். நான் எதைப் பாவிக்க?

ஞாயிறு, ஒக். 15
மழை விட்டது. அவன்களின் மரியாதையைப் பாருங்கோ என்று அத்தானைக் கஃபேக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வாசித்தார்.
"நீ ஃபோர்மட் செய்தனியோ?"
"இல்லை."
"பிறகேன் யெஸ் எண்டு போட்டனி?"
"செய்யேல்லையே எண்டு கேட்டவர். ஓம், செய்யேல்லை."
"இங்கிலீசிலை அதுக்கு நோ எண்டெல்லோ சொல்லவேணும்."
சொல்லிவிட்டு அவரே திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். கடைக்குக் கொண்டுபோனவர் அவர்தானே.

இத்தனை விதி எழுதினவன்கள் இதை ஒரு மூலையில் எழுதியிருக்கலாம். பூட்டைத் திறக்கச் சொல்லவும் வழியில்லை. நேற்றிலிருந்து அந்த யெஸ் உண்மை.

வீட்டுக்கு வந்தால் அம்மா மேசையில். முன்னால் அந்தப் பள்ளிக்கூடப் படம். பென்சிலால் மீசை கீறிக்கொண்டிருக்கிறா.