சுலோச்சனா பிலாய்க்கு வரமாட்டாள்

ஸ்கெலட்டன் லைன்,
கோலார் தங்கவயல்,
12-7-1966.

அன்புள்ள மகன் ராஜப்பாவுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மருமகள் குணசுந்தரியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். அப்பாவுக்குக் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள், கம்பு ஊன்றிக்கொண்டு குழாயடி வரை நடக்கிறார், இனிமேல் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம், மேலேயே ஏதாவது வேலை தரச் சொல்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்பா சந்தோஷப்படவில்லை, கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்காதவன் என்ன ஆம்பளை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார், இப்போது பரவாயில்லை.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. எப்போதும்போல நான்தான் சத்தமாக வாசித்தேன், அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார், உன் தங்கச்சி சுலோச்சனா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குணாவுக்கு ஐப்பசியில் பிரசவம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வேகத்திலேயே அடுத்த வரியையும் படித்துவிட்டேன். சுலோச்சனா எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில் ஆனதற்கு வீட்டில் அவள் படிப்பைக் கவனிக்க ஆள் இல்லாததுதான் காரணம், என்னையும் யாரும் கவனிக்கவில்லை, நானாகப் படித்து நானாக மேலே வந்தேன், பெண்பிள்ளைக்குப் படித்தது போதும், இங்கே அனுப்பிவிடுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொண்டு குணாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். பாதியில் நிறுத்தியிருக்கலாம், எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை, கடைசி வரை படித்துவிட்டேன். அவளும் கடைசி வரை கேட்டாள். முறத்தை நிறுத்தவே இல்லை.

நானாக மேலே வந்தேன் என்கிறாயே, உனக்கு மறந்துபோனதை நான் எழுதுகிறேன். நீ ஆறாவது படிக்கும்போது தினமும் சாயங்காலம் அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உன்னை உட்காரவைத்து, சத்தமாகப் படிடா என்பேன். நீயும் படிப்பாய். எனக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தெரியாது, உன் வாய் அசைகிறதா, சத்தம் வருகிறதா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அரைப் பரீட்சையில் மூன்று பாடத்தில் ஃபெயில் என்று வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில படிக்கவே மாட்டானா என்று கேட்டார். இன்னா சார் இப்படிச் சொல்றீங்க, தினமும் நான் பக்கத்துல உக்காந்து படிக்க வைக்கிறேன் என்றேன். என்ன படித்தான் என்றார். நீ படித்துக் காட்டிய தேனீ பாடத்தை நான் முதலிலிருந்து ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதை நான் இன்றும் மறக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, அம்மா இது இரண்டாம் பாடம், ஜூன் மாதமே முடிந்துவிட்டது, இப்போது பதினேழாம் பாடம் நடக்கிறது என்றார். ஆறு மாதமாக நீ அந்த ஒரே பாடத்தையே எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். அம்மாவுக்குத் தெரியாது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தேனீ பாடம்தான் என் வாயில் வந்துகொண்டிருந்தது. உன்னை அடிக்கவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை, சொல்லியிருந்தால் அப்போதே படிப்பை நிறுத்தி உன்னை வேலைக்குச் சேர்த்திருப்பார். அப்போது சுலோச்சனா ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் சிலேட்டில் எழுதிய எழுத்தின்மேலேயே நானும் எழுதுவேன், தப்பாக வந்தால் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அப்படி இல்லமா, இப்படி வளைக்கணும் என்பாள். நீ விளையாடப் போயிருக்கும் நேரம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அடுத்த வருஷம் உன் புத்தகத்தை என் மடியில் வைத்துக்கொண்டு நீ படிப்பதை வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். நீ ஒரு பத்தியைத் தாண்டினாய், நான் நிறுத்தினேன். நீ கோபப்பட்டு, நீ இன்னா போலீஸாம்மா என்று கேட்டாய். அந்த வருஷம் நீ எல்லாப் பாடத்திலும் பாஸ். அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட ஃபெயில் ஆகவில்லை. பக்கத்து வீட்டு டெய்சி அக்காவைக் கேட்டுப் பார், அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்கள்.

இதையெல்லாம் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. சுலோச்சனாவுக்கு இதே மாதிரி யார் உட்கார்ந்தார்கள் என்று யோசித்தபோதுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ சொன்னது சரி, வீட்டில் அவள் படிப்பைக் கவனிக்க ஆள் இல்லை. நான்தான் கவனிக்கவில்லை. நீ படிக்க வேண்டும் என்று குழாயில் தண்ணீர் பிடித்ததும் அவள், ரேஷன் கடையில் நின்றதும் அவள், நீ பரீட்சைக்குப் போகும்போது உன் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டதும் அவள். அவள் புத்தகத்தை எடுத்தால், இதை முடித்துவிட்டுப் படிடி என்று இதே வாயால்தான் சொல்லியிருக்கிறேன். அவளாகவே படித்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தை மாதம் சுரங்கத்தில் ஏர் பிளாஸ்ட் ஆகிப் பாறை வெடித்துச் சரிந்து அப்பா காலில் விழுந்ததும், இரண்டு வேளைச் சாப்பாட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். நான் அப்பா பக்கத்திலேயே இருந்தேன். அவள் வராந்தாவில் தூண் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போடுவாள், நர்ஸ் விரட்டினால் எழுந்து வேறு தூணுக்குப் போவாள். உனக்குத் தந்தி கொடுத்தோம், லீவு இல்லை என்று எழுதினாய், அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பங்குனியில் பரீட்சை. மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் மட்டும் ஆறு மார்க் குறைவு. அந்த ஆறு மார்க் அவளுடையது இல்லை ராஜப்பா, என்னுடையது, உன்னுடையதும்தான்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் பார்த்தால் அவள் இரண்டு பாவாடைகளை மடித்து உன் பழைய டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கேடி என்றேன். அண்ணி தனியா கீறாங்கம்மா, அவங்க அம்மாவும் இல்ல, நான் போறேன், எனக்குக் கணக்கு வராதும்மா என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல. அப்பா கட்டிலிலிருந்து கம்பை எடுத்து அந்தப் பெட்டியைத் தள்ளி மூடினார். இவளை எங்கயும் அனுப்ப வேணாம் என்றார். அவர் இவள் படிப்பைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அதனால் சுலோச்சனா பிலாய்க்கு வரமாட்டாள். செப்டம்பர் பரீட்சைக்கு மறுபடி பணம் கட்டியாகிவிட்டது. தண்ணீர் நான் பிடிக்கிறேன், அப்பா காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார், பூண்டு கூட உரிக்கிறார். டெய்சி அக்கா மகள் வின்னி போன வருஷம் பாஸ் ஆனவள், மத்தியானம் வந்து இவளோடு உட்காருகிறாள். எனக்கு அல்ஜீப்ரா தெரியாது, ஆனால் ஒவ்வொரு கணக்கையும் முடித்ததும் எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்பேன். எனக்கு எங்கே புரியவில்லையோ அங்கேதான் அவளுக்கும் புரியவில்லை, திரும்பிப் போய்ப் போடுகிறாள். முதல் இரண்டு நாள் சொல்லவே கூச்சப்பட்டாள், இவ்வளவு நேரம் நான் தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை அல்லவா. இப்போது என் மேலேயே கோபப்படுகிறாள், எத்தனை வாட்டிம்மா சொல்றது என்கிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. பாஸ் ஆவாளா என்று எனக்குத் தெரியாது. ஆகாவிட்டால் மார்ச்சில் மறுபடி எழுதுவாள்.

குணசுந்தரியை நான் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே, தாய் இல்லாத பெண். பரீட்சை முடிந்த மறுநாள் பங்காருப்பேட்டையில் ரயில் ஏறுகிறேன், மெட்ராஸ் வரை ஸ்டேஷன் போர்டு படித்துக்கொள்வேன், அதற்கு மேல் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். பிரசவம் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, இரண்டு மாதம் இருக்கிறேன். அவளைக் கனமான குடம் தூக்க விடாதே, கீரையும் முருங்கைக்காயும் கிடைத்தால் வாங்கிக் கொடு. பேறுகாலப் பொடி நானே இடித்துக் கொண்டு வருகிறேன். சுலோச்சனாவுக்குத் தனியாகக் கடிதம் போட்டு இங்கே வா என்று கேட்காதே, கேட்டால் அவள் வந்துவிடுவாள்.

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். திருத்தித் தரட்டுமா என்று சுலோச்சனா கேட்டாள், நான் கொடுக்கவில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும், பிறக்கப்போகிற குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். நான் வந்து உன் வீட்டில் இருக்கும்போது, உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது வந்தால், நானாகப் படித்து வந்தேன் என்று என் எதிரில் மட்டும் சொல்லாதே. நான் உள்ளே எழுந்து போய்விடுவேன், அது குணாவுக்குச் சங்கடமாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
த. பார்வதம்மா