ஈட்டிமரமாகிப் போன வேலமரம்

அண்ணே,

இன்று காலை மருமகள் இரும்புச் சட்டியில் புளித்த கஞ்சியை மறந்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் உன் வீட்டுக் கொல்லை வாசம். சட்டியைக் கழுவாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எமர்ஜென்சி முடிந்த வருடம் எனக்குக் கழுகுமலையில் மாப்பிள்ளை அமைந்தது. கருத்த, விலை கூடின ஈட்டிமரக் கட்டில்தான் வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டம் பழுது பார்க்கிற நீ ஈட்டிக்கு எங்கே போவாய்? கண்மாய்க்கரை வேலமரத்தில் நீயே கட்டில் செய்தாய். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் பத்து நாள் ஊறப்போட்டாய். பலகைக்கு வேலம்பட்டைக் கஷாயம் தடவி, காய்ந்தபின் அந்த ஆணித்தண்ணீரைப் பூசினாய். சிவப்புப் பலகை என் கண்ணெதிரே கருத்தது.

"செங்கோட்டையில வாங்குனதுன்னு சொல்லு. நான் செஞ்சேன்னா மரம் ஏதுன்னு கேப்பாவ" என்றாய்.

அவசரத்தில் அடிப்பக்கத்தைப் பூசாமல் சிவப்பாகவே விட்டுவிட்டாய். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சாமான்களையெல்லாம் வெளியே எடுப்பார்கள். "கட்டில் கெடக்கட்டும், துணி போட்டு மூடிக்கிடுதேன்" என்று வருடா வருடம் முந்திக்கொள்வேன். பிள்ளைகள் அதன் அடியில் ஒளிந்து விளையாடினால் முதுகில் இரண்டு வைப்பேன். பாவம், எதற்கென்றே தெரியாமல் வாங்கினார்கள். அடியையும் பூசிவிட்டுப் போ என்று உன்னிடம் கெஞ்சினேன். பூசக் கட்டிலைக் கவிழ்க்க வேண்டும், கவிழ்க்க நாலு ஆள் வேண்டும்.

ஒரு தைக்கு நீ அரிசியும் கரும்புமாய்ப் பொங்கல்படி கொண்டு வந்திருந்தாய். மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் கட்டில் காலைத் தட்டிக் காட்டினார்.

"செங்கோட்டை ஆசாரி வேல. நம்ம ஊர்க்காரனுக்கு இப்படிக் கை வருமா?"

"வராது அத்த" என்று காப்பியை ஆற்றினாய்.

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். புறப்படும்போது, "ஏட்டி, இதுக்கா அழுத? நல்லாருக்குன்னுதான சொன்னாவ" என்றாய். அன்று உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். மாமியாரும் இல்லை. இனிமேல் சொல்லலாம்தான். ஆனால் வீட்டுக்காரர், இத்தனை வருடமா என்னை ஏமாற்றினாய் என்று கேட்டால் முகத்தை எங்கே வைப்பேன்? அவர் பேரனுக்குச் சொல்லும் கதையில் செங்கோட்டை ஆசாரிக்கு இப்போது பெரிய மீசையும் மரம் இழுக்க ஒரு யானையும் வந்துவிட்டன.

நேற்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேரன் கேட்டான்.

"ஆச்சி, ஒங்க அண்ணன் என்ன வேல பாத்தாவ?"

"தீப்பெட்டி ஆபீசுல மரவேல."

"அப்ப இந்த மாதிரிக் கட்டில் செய்வாவளா?"

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அவியளுக்கு அதெல்லாம் தெரியாதுய்யா" என்றேன்.