அழித்துவிடுவோம் என்று சொன்ன குரல்

அலமாரியைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தது. ஆராய்ச்சி அலுவலகத்தில் ஏது கருவாடு என்று தேடினால், ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டு வைக்கும் நம் நீலப் பை. நீ அதைக் குப்பத்தில் மீன் கூடைகளுக்கு நடுவிலேயே வைத்து வைத்து எடுப்பாய். எத்தனை தரம் துவைத்தாலும் வாடை போகாது. பூட்டிய அலமாரிக்குள் மாதக்கணக்கில் கிடந்தும் போகவில்லை. பையை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேசைப் பெண் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

நம் கட்டுரை வெளிவந்துவிட்டது. உன் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் உயிரோடு இல்லை என்று அர்த்தமாம். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து கடிதம். ஆய்வு முடிந்துவிட்டதால் பேட்டிகளின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் அழித்துவிட்டுத் தெரிவிக்கவும் என்று. வழக்கமான கடிதம்தான். எல்லா ஆய்வுக்கும் வருவதுதான். ஆனால் எல்லா ஆய்விலும் நீயா பேசியிருக்கிறாய்?

உனக்கு வானியல் படிக்க ஆசை. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, எப்படியோ சுற்றி வளைத்து மருத்துவ ஆராய்ச்சிக்கு வந்து, மீன் விற்கும் பெண்களின் ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தாய். நான் கணக்குப் படித்தவள். வெயிலில் அலைய என்னால் ஆகாது. நீ கொண்டுவரும் எண்களை நிழலில் உட்கார்ந்து அலசுவது என் வேலை. "நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்து வாழ்க்கையப் புரிஞ்சிக்கப் போறியா?" என்று கேட்பாய். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் எழுந்து வர மாட்டேன்.

பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிற பெண்கள் ஏன் அத்தனை பேர் என்பதுதான் நம் கேள்வி. நான் வயதைப் பார்த்தேன், படிப்பைப் பார்த்தேன், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நீதான் குப்பத்தில் போய் உட்கார்ந்து பேச்சை வாங்கிக்கொண்டு வந்தாய். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். விடியலில் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, மதியம் வரை மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பவள் எங்கே போவாள்? "மாத்திரைய மட்டும் நிறுத்தல. தண்ணியவும் நிறுத்திட்டாங்க, மாத்திரையவும் நிறுத்திட்டாங்க" என்று அன்றைக்கு நீ கோபத்தில் வாக்கியத்தையே மாற்றி மாற்றிச் சொன்னாய். வீட்டு ஆம்பிளைகளிடமும் டாக்டரிடமும் சொல்லாததை அந்தப் பெண்கள் உன்னிடம் சொன்னார்கள். எதனால் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும்.

பேட்டி தொடங்கும் முன் சம்மதம் கேட்க வேண்டும். அதற்கான வாசகத்தை முதலில் நான்தான் எழுதினேன். "இவ்வாய்வில் பங்கேற்பது தங்களது சொந்த விருப்பத்திற்கு உட்பட்டது" என்று ஆரம்பித்து ஒரு பக்கம். நீ படித்துப் பார்த்துவிட்டு, "இத அஞ்சலக்கா முன்னாடி படிச்சன்னா கூடையில மீனு கெட்டுப் போயிடும்" என்றாய். பிறகு நீயே ஒன்றை எழுதி, கமிட்டியோடு மல்லுக்கட்டி அனுமதியும் வாங்கினாய். ஒவ்வொரு பதிவும் அதில்தான் தொடங்கும். கடைசியில் "சம்மதமாம்மா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவாய். மற்றவர்கள் மாதிரி "சொல்லுங்க, சொல்லுங்க" என்று நச்சரிக்க மாட்டாய். அந்த இடத்தில் காக்கை சத்தம் கேட்கும், அலை கேட்கும், யாரோ பாத்திரம் கழுவுவது கேட்கும். நீ காத்திருப்பாய்.

உன் தலைக்குள் கட்டி என்று தெரிந்து ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்றும் அப்படித்தான். சின்ன வயசு டாக்டர் ஒருவர் தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டே, "படிச்சுச் சொல்லுங்க டாக்டர். சம்மதம் தானே கேக்குறீங்க?" என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் நல்ல பிள்ளை, நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார், உயிருக்கு என்ன ஆகலாம் என்பது உட்பட. நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். உன் அம்மா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் உள்ளே போன நீ கண் விழிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் உன் பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தேன். கட்டுரைக்குச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க ஒன்றும் இல்லை என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நீ வந்துவிடுவாய். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று யாரையோ கேட்பாய். "இல்ல" என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். "மாத்திரை போடுறீங்களா?" என்பாய். எனக்கும் இப்போது பிரஷர் வந்துவிட்டது, தெரியுமா? "மறந்துட்டேன்" என்பேன். நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய். ஒருநாள் உன் சிரிப்பு எனக்குப் பின்னாலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பயமாக இருந்தது. மறுநாளும் கேட்டேன்.

கடிதம் வந்த வாரத்தில் உன் அம்மா போன் செய்தார். அரியாங்குப்பம் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாலை போட்ட உன் படம். அம்மாவின் போனில் உன் போட்டோ நிறைய இருக்கிறது, குரல் ஒன்றுகூட இல்லை.

"அவ பேசுனதெல்லாம் உங்க ஆபீசுல இருக்காமே பாப்பா. ஒரு வாட்டி போட்டுக் காட்டேன். முகம் ஞாபகம் இருக்கு. குரலுதான் போவுது. நேத்து யோசிச்சுப் பாக்குறேன், வரவே மாட்டேங்குது."

நான் எதை எடுத்துப் போட்டுக் காட்டுவேன்? அதில் உன் குரல் மட்டுமா இருக்கிறது? கருக்கலைந்தது, புருஷன் அடித்தது, மார்க்கெட்டில் அடக்கி அடக்கி நோயை வாங்கிக்கொண்டது என்று ஊர்ப்பட்ட பெண்களின் வாழ்க்கை இருக்கிறது. தொடக்கத்தில் நீ சம்மதம் கேட்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் என்ன என்று நினைத்தேன். அதிலும்கூட முடிவில் ஒரு பெண் "சரிம்மா" என்பாள். அந்தச் 'சரி' அவளுடையது.

சரி, கேட்டுவிடலாம் என்று அஞ்சலை அக்காவைத் தேடிக் குப்பத்துக்குப் போனேன். ஆமாம், நான்தான், வெயிலில். அக்காதான் உன்னிடம் முதலில் பேசியவர், உன்னைத் தன் பெண் மாதிரி வைத்திருந்தவர். கண்டிப்பாக ஒப்புக்கொள்வார் என்று நம்பித்தான் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அழிச்சிடுவோம்னு அது சொல்லிச்சு. அத நம்பித்தான் நான் வாயத் தொறந்தேன். இப்ப அது இல்லன்னதும், அது சொன்னத நீ மாத்திடுவியா?"

"அவ குரல் மட்டுந்தான்க்கா. அவ அம்மாவுக்காக."

"பெத்தவளுக்கு வயிறு எரியும். எனக்குத் தெரியாதா? ஆனா அது சொன்ன சொல்லு பொய்யாப் போவக் கூடாது." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அழித்துவிட்டேன். விதிப்படி பக்கத்தில் சாட்சிக்கு ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து மேசைப் பெண் உட்கார்ந்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அழுத்தினேன். நீ அதற்குள்ளிருந்து போக எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறாய்? தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அரியாங்குப்பம் போனேன். அம்மாவிடம் மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"அதுல அவ இன்னாதான் சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாசகம் யாருடைய ரகசியமும் இல்லை. அதைச் சொல்லலாம். கீழே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"வணக்கம்மா. ஆராய்ச்சிக்காக உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். நீங்க பேசுறத இதுல பிடிச்சுக்குவோம். எழுதி முடிச்சதும் குரல அழிச்சிடுவோம். உங்க பேரு எங்கியும் வராது. பதில் சொல்லப் பிடிக்கலன்னா சொல்ல வேணாம். பாதியில எழுந்து போயிடலாம், ஏன்னு கேக்க மாட்டோம்."

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. 'எங்கியும்' என்பதை இழுத்தது நீ. மூச்சு வாங்கிய இடங்கள் உன்னுடையவை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்மதமாம்மா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். வெளியே கடலூர் ரோட்டில் பஸ் போகிற சத்தம். அம்மா வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்ல. எனக்குச் சம்மதம் இல்ல" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறேன். காபி கொடுத்துவிட்டு, சொல்லச் சொல்கிறார். ஒரு சொல் விடாமல் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் இல்லை என்றே சொல்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, நீ காத்திருப்பாயே, அவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்.