பச்சைப் பெயிண்ட் அடித்த இன்ஜின்

திருமானூர்
3-4-1982

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்று அம்மா பத்துத் தடவை கேட்டுவிட்டாள். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன், எங்கே ஆரம்பிப்பது என்று இப்போதும் புரியவில்லை. உன் கல்யாணம் முடிந்த மறுமாதம் உன் மாமனார் தர்மன் மச்சான் ஆயில் இன்ஜின் வாங்க பாங்கில் கடன் போட்டார் அல்லவா, அதற்கு ஜாமீன் நான். பெண் கொடுத்த வீடு, அதிலும் என் தங்கை வாழ்கிற வீடு, எப்படி மாட்டேன் என்பது. கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் தர்மன் மச்சான் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "புது இன்ஜின் வர நாளாவுமாம் மச்சான், கொல்லையில பயிரு காயுது, ஒங்க இன்ஜினை ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்றார். மடையன் நான், ஏற்றுவதற்குத் தோளும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பச்சைப் பெயிண்ட் பளபளக்கிறது, பக்கவாட்டில் வெள்ளையில் ஏதோ நம்பர். கேட்டதற்கு, "பழசாக் கெடந்துச்சு, அடிச்சுக் கொண்டாந்தேன், நல்லாருக்குல்ல" என்றார். தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன் மலரு. அம்மா மட்டும், "ஒங்க மச்சானுக்கு என்ன திடீர்க் கரிசனம்" என்றாள், அவளை அதட்டினேன்.

போன வாரம், தவணை கட்டவில்லை என்று பாங்கு ஆபீசர் ஜாமீன்தாரரான என்னைத் தேடி வந்தார். நம் கரும்புக்கு ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் அந்த நம்பரைப் பார்த்தவர், "கடன்ல வாங்குன இன்ஜின் இதாச்சே, ரெண்டு பேரும் சேந்து ஒளிச்சு வச்சிருக்கீங்களா" என்றார். அவரிடமே துருவிக் கேட்டேன். அப்புறம்தான் விளங்கியது, உன் மாமனார் புது இன்ஜின் வாங்கவே இல்லை. அந்த இரண்டு நாளில் என்னுடையதையே புதுசு என்று காட்டி, பாங்குக்காரரை நம்பர் எழுத வைத்துப் பணத்தை வாங்கியிருக்கிறார். நான் ஏமாந்தவனா, கூட்டுக் களவாணியா, எனக்கே தெரியவில்லை. இருபதாம் தேதிக்குள் இன்ஜின் யாருடையது என்று எழுதிக் கொடுக்கணுமாம். என்னுடையது என்றால் உன் மாமனார் மேல் மோசடிக் கேஸ். அவருடையது என்றால் ஜப்தி பண்ணித் தூக்கிப் போய்விடுவார்கள், கரும்பு கருகிவிடும், மிச்சக் கடனும் என் தலையில். அவரோ, "என் இன்ஜின்னே எழுதிக் குடுத்துடுங்க மச்சான், கொண்டு போவட்டும்" என்று சாவகாசமாகச் சொல்கிறார். உன் அத்தை செங்கமலம் வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோபப்படுவதா பாவப்படுவதா, ஒன்றும் பிடிபடவில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது திருச்சியில் அந்த இன்ஜினை வாங்கிய பில்தான் நம் கையில் உள்ள ஒரே சாட்சி. அதை உன் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டோடு மடித்து உன் ட்ரங்குப் பெட்டி அடியில் நான்தான் வைத்தேன். தேடி எடு. அனுப்பு என்று எழுதவும் கை வரவில்லை, வேண்டாம் என்று எழுதவும் வரவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அனுப்பச் சொல் என்கிறாள் அம்மா. அது வேண்டாம், தெரியாமல் நடந்தது போதும். இந்தக் கடிதத்தையும் பில்லையும் அவர் கையில் கொடு. அவரே தபாலில் போட்டால் ஆபீசரிடம் காட்டுகிறேன். வராவிட்டால் இருபதாம் தேதி, இன்ஜின் தர்மன் மச்சானுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதற்காக நீ மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

குழந்தையை வெயிலில் விடாதே. மூவரும் குறையில்லாமல் நீடு வாழ எங்கள் ஆசீர்வாதம். பில் பழைய காகிதம், மடிப்பில் கிழிந்துவிடும், பார்த்துப் பிரி.

இப்படிக்கு,
உன் அப்பா
ரா. சாமிதுரை